முறைமைச் சிந்தனையும் மக்கள் சுகாதாரமும்: இலங்கையின் மலேரியா வரலாற்றை முன்னிறுத்திய ஒரு விமர்சன நோக்கு

1

அண்மைக் காலச் சுகாதார நிருவாக எழுத்துக்களிலே 'முறைமைச் சிந்தனை' என்னும் தொடர் பெருவழக்குப் பெற்றுள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2007இல் சுகாதார முறைமையொன்றின் ஆறு கட்டுமானக் கூறுகளை வகுத்துரைத்தது. 2009இல் அத்தகைய முறைமைகளை வலுப்படுத்துவதற்கு இச்சிந்தனையைக் கையாளும் விதம் பற்றித் தனி அறிக்கையொன்றையும் வெளியிட்டது. அதன் பின்னர் எல்லை, பின்னூட்டல், நெம்புப் புள்ளி ஆகிய சொற்கள் மாவட்ட மட்டத்திலான சுகாதாரத் திட்டங்கள் வரையும் இறங்கி வந்துள்ளன. நோயை ஒற்றைக் காரணத்தின் விளைவாகக் காணாது, ஒன்றையொன்று பாதிக்கும் பல கூறுகளின் உறவாகக் காணவேண்டும் என்பதே இச்சிந்தனையின் அடிப்படை. இந்த அடிப்படையோடு நமக்குப் பிணக்கு இல்லை. தனித்தனிப் பொருள்களை விடுத்து உறவுகளை நோக்குவது இயங்கியலின் பாலபாடமாகும். ஆயின் எந்த உறவுகள் முறைமைக்குள் அடக்கப்படுகின்றன, எவை வெளியே விடப்படுகின்றன, அந்த எல்லையை வரைபவர் யார் என்னும் வினாக்கள் எழுப்பப்படாதவிடத்து, இச்சிந்தனை முகாமையாளரின் சொற்கோவையாகச் சுருங்கிவிடும். இக்கட்டுரை அவ்வினாக்களை இலங்கையின் மலேரியா வரலாற்றினூடாக எழுப்ப முனைகின்றது.

கருத்தொன்றின் பிறப்பிடத்தை அறிதல் அதன் குணவியல்பை விளங்கிக்கொள்ளத் துணைபுரியும். முறைமைச் சிந்தனையின் வரலாறு எழுதுவோர் உயிரியலாளர் பெர்ற்றலன்ஃபியையும், 1961இல் கைத்தொழில் நிறுவனங்களின் உற்பத்தி, கையிருப்பு ஏற்றவிறக்கங்களைக் கணித முறையில் ஆராய்ந்த ஜே ஃபொறெஸ்ரரையும் முதன்மைப்படுத்துவர். இப்பரம்பரையின் கணிசமான பகுதி தொழிற்சாலை முகாமையாளரின் மேசையிலிருந்து தொடங்கியது என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆயின் மற்றொரு பரம்பரையும் உண்டு. ருஷ்யப் புரட்சியாளரும் மருத்துவருமான பொக்டானவ், 1913 முதல் வெளியிட்ட 'ரெக்ரோலஜி' என்னும் நூலில், எல்லா வகை ஒழுங்கமைப்புக்களுக்கும் பொதுவான அறிவியலொன்றை உருவாக்க முனைந்தார். அவரது மெய்யியலை லெனின் கடுமையாக விமர்சித்தார் என்பது நாமறிந்ததே. 1926இல் மொஸ்கோவிலே குருதிமாற்று நிறுவனமொன்றை நிறுவிய பொக்டானவ், 1928இல் தம்மீதே நிகழ்த்திய குருதிமாற்றுப் பரிசோதனையின் விளைவாக உயிர்நீத்தார். அவருக்கும் முன்னர், 1848இல் மேற் சிலேசியாவிற் பரவிய தைபஸ் காய்ச்சலை ஆராயச் சென்ற வேர்ச்சோ, அந்நோய்க்கான பரிகாரமாகக் கல்வியையும் சுயாட்சியையும் வாழ்க்கை வசதிகளையுமே முன்வைத்தார். சுகாதாரத்தை முழுமையாக நோக்கும் பார்வை முகாமைத்துவத் துறைக்கு மட்டும் உரிய சொத்தன்று என்பதை இவை உணர்த்துகின்றன.

தமிழில் இதற்கு நாம் வழங்கும் 'முறைமை' என்ற சொல்லும் சிந்தனைக்குரியது. பழந்தமிழ் வழக்கிலே முறை என்பது ஒழுங்கை மட்டுமன்றி நீதியையும் குறித்தது. அநீதிக்குள்ளானவர் ஆள்வோரிடம் சென்று உரைப்பதே முறையிடுதல். இன்றைய கலைச்சொல்லில் ஒழுங்கு என்னும் பொருள் எஞ்சி நிற்க, நீதி என்னும் பொருள் கழன்றுவிட்டது. பின்னூட்டல் என்று நிபுணர்கள் அழைப்பதன் சமூக வடிவம் முறையீடே என்பதை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

2

நோயை உறவுகளின் தொகுதியாகக் காணும் பார்வை நமது மரபுக்குப் புதியதன்று. திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என நான்கு உறுப்புக்களை உடையதாகக் காண்கிறது. இது நேர்த்தியான தொகுப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே அதிகாரத்தின் பெரும்பகுதி, உண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணுமாறு அறிவுரை கூறுகின்றது. உண்பதற்கு மிகுதியாக உள்ளவனுக்கே இவ்வறிவுரை பொருந்தும். களஞ்சியமும் வயலும் வரிவசூலும் அந்த நான்கு உறுப்புக்களுள் இடம்பெறவில்லை. முறைமையொன்றின் எல்லை அதனை வகுத்தவரின் சமூக நிலைப்பாட்டிலிருந்தே வரையப்படுகிறது என்பதற்கு இது பழைய உதாரணமாகும்.

இதற்கு எதிர்நிலையாக ஒரு புனைகதையைக் குறிப்பிடலாம். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகவிருந்த லெனாட் வூல்ஃப் 1913இல் வெளியிட்ட, காட்டுக் கிராமமொன்றைப் பற்றிய ஆங்கில நாவலிலே, பெத்தேகம என்னும் கிராமம் படிப்படியாக அழிந்துபோகிறது. அங்கே காய்ச்சலைத் தனியே பிரித்தெடுக்க முடியாது. சேனைப் பயிர்ச்செய்கைக்கான அனுமதி கிராமத் தலைவனின் கையில் உள்ளது. அறுவடை கடனுக்குப் போகிறது. கடன் கொடுத்தவனும் தலைவனும் கூட்டாளிகள். மழை பொய்த்தால் பசியும், பசித்த உடலில் காய்ச்சலும், காய்ச்சலால் உழைப்பிழப்பும், அதனால் மேலும் கடனும் சுழல்கின்றன. வூல்ஃப் குடியேற்ற அதிகாரி. அவரது பார்வையில் காடு ஊழைப்போலத் தோற்றமளிக்கும் குறைபாடும் உண்டு. எனினும் கடன், அனுமதிச் சீட்டு, அதிகாரம், நோய் ஆகியவற்றை ஒரே வலையின் கண்ணிகளாகக் காட்டிய வகையில், இந்நாவல் அக்காலத்து அரசாங்க அறிக்கைகள் பலவற்றினும் உண்மைக்கு அணித்தாக நின்றது எனலாம்.

3

நாவல் வெளிவந்து இரு தசாப்தங்களின் பின்னர், அத்தகைய வலை நாட்டின் வேறொரு பகுதியில் பேருருக் கொண்டது. 1934ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. தெதுறு ஓயா, மகா ஓயா, களனி கங்கை முதலியவற்றின் நீரோட்டம் வற்றி, ஆற்றுப் படுகைகளிலே தேங்கிய குட்டைகள் தோன்றின. தெளிந்த தேக்கநீரிற் பெருகும் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் நுளம்பிற்கு அவை வாய்ப்பான இடங்களாயின. வழமையாக நீர் ஓடிக்கொண்டிருக்கும் அப்பகுதிகளில் மலேரியா அரிதாகவே இருந்தமையால், மக்களின் உடலில் அதற்கான எதிர்ப்பாற்றலும் குறைவாகவே இருந்தது. 1934 ஒக்டோபரில் தொடங்கிய கொள்ளைநோய், கேகாலை, குருணாகல் மாவட்டங்களைப் பெரிதும் தாக்கி, மறு ஆண்டு தணிவதற்குள் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டது. 1931இன் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகை 53 இலட்சமே என்பதை நோக்கும்போது இவ்விழப்பின் பரிமாணம் புலனாகும்.

மழை, ஆறு, நுளம்பு, எதிர்ப்பாற்றல் என்னும் நான்கையும் இணைத்து, குடியேற்ற அரசின் நிபுணர்களே விளக்கம் தந்தனர். பஞ்சாபில் மலேரியாவை ஆராய்ந்த அனுபவமுடைய கேணல் கில்லின் அறிக்கை அவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. ஆனால் பொருளாதாரப் பெருமந்தத்தினால் தெங்குப் பொருள்களின் விலை வீழ்ந்திருந்ததும், கூலிவேலை அருகியிருந்ததும், வரட்சியால் நெல் விளைச்சல் கெட்டிருந்ததும் அதே வலையின் கண்ணிகளே. நுளம்பு பசித்தவனையும் உண்டவனையும் வேறுபாடின்றிக் கடிக்கும். ஆயினும் மரணம் இருவரையும் ஒரே அளவில் தேர்ந்தெடுப்பதில்லை.

இதனை நடைமுறையில் உணர்ந்தவர்கள் சூரியமல் இயக்கத்தின் இளைஞர்கள். டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலியோர் கிராமங்களுக்குச் சென்றபோது, கொயினாவோடு உணவையும் கொண்டுசென்றனர். பருப்பு விநியோகித்தமையால் பெரேராவுக்குப் 'பரிப்பு மஹத்தயா' என்ற பெயரே நிலைத்தது. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி உருவாயிற்று. 1936இல் கேகாலைப் பிரதேசத்து ருவன்வெல்லைத் தொகுதியிலிருந்து பெரேரா அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1931இல் கிடைத்த சர்வசன வாக்குரிமை இல்லாதிருப்பின், கேகாலைக் கிராமத்தவரின் துயரம் அறிக்கைகளின் அட்டவணைகளோடு நின்றிருக்கும். கொள்ளைநோயின் பின்னர் கிராமப் புறங்களில் வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் பெருகியமைக்கு, வாக்காளருக்குப் பதில் சொல்லவேண்டிய சபையொன்று இருந்தமை முக்கிய காரணமாகும். பின்னூட்டல் என்பது இதுவே. நோயாளியின் குரல் முடிவெடுப்பவனின் இருப்பை அசைக்கும்போதுதான் அது பின்னூட்டலாகிறது. அசைக்காதவிடத்து அது வெறுந் தகவல்.

4

1945ஆம் ஆண்டின் இறுதியில் டி.டி.ரி. வந்தது. 1946இல் ஆயிரவருக்கு ஏறக்குறைய 20 ஆகவிருந்த மரண வீதம், 1947இல் ஏறக்குறைய 14 ஆக வீழ்ந்தது. ஓர் இரசாயனம் ஒரு நாட்டின் சாவை ஓராண்டில் குறைத்துவிட்டதென்னும் கதை உலகெங்கும் பரவியது. குடித்தொகை ஆய்வாளர்களிடையே பின்னர் எழுந்த விவாதம் இக்கதையைச் சிக்கலாக்கிற்று. பீற்றர் நியூமன் போருக்குப் பிந்திய மரணக் குறைவின் 42 வீதத்தை மலேரியாக் கட்டுப்பாட்டுக்கு உரியதாக்கினார். 1974இல் றொனால்ட் கிறே அதனை 23 வீதமாகக் கணித்தார். மலேரியா அரிதான மாவட்டங்களிலும் மரணம் குறைந்ததை மீகம எடுத்துக்காட்டினார். பங்கீட்டு அரிசி, தாய் சேய் நலச் சேவைகள், 1926இல் களுத்துறையிலே ரொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த சுகாதாரப் பிரிவுகள் ஆகியனவும் தத்தம் பங்கை ஆற்றியிருந்தன. ஒற்றைக் காரணக் கதையை உடைக்க முறைமைச் சிந்தனை இங்கு நமக்கு உதவுகிறது.

ஆனால் அக்கதையையே நம்பியவர்கள் கொள்கை வகுத்தனர். 1963இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. நோய் ஒழிந்ததென்று கருதி மருந்து விசிறல் நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது. 1967ஆம் ஆண்டளவில் மழை குறைந்தது. எலகெரப் பகுதியில் இரத்தினக்கல் தேடிப் பல பிரதேசத்தவரும் திரண்டனர். அவர்கள் தோண்டிக் கைவிட்ட குழிகளில் நீர் தேங்கிற்று. திரும்பிச் சென்றவர்களின் குருதியில் கிருமி பயணம் செய்தது. 1969இல் மட்டும் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். இரத்தினக்கற் குழி சுகாதாரத் திணைக்களத்தின் கோப்பில் இருந்ததில்லை. வறிய இளைஞன் ஏன் குழி தோண்டப் போகிறான் என்பது எந்தத் திணைக்களத்தின் கோப்பிலும் இருந்ததில்லை.

5

முறைமை என்ற சொல்லே நிலத்தின் பெயராகிய விந்தை மகாவலித் திட்டத்தில் நிகழ்ந்தது. 1977இன் பின்னர் துரிதப்படுத்தப்பட்ட அத்திட்டத்தின் குடியேற்றப் பிரதேசங்கள், ஆங்கிலத்திலே 'சிஸ்டம்' என்ற சொல்லோடு ஓர் எழுத்தைச் சேர்த்து அழைக்கப்பட்டன. பொறியியலாளரின் கண்ணில் அணை, கால்வாய், மதகு, வயல், குடியேற்றவாசி என்பன அடங்கிய ஒழுங்கான முறைமை அது. அதன் எல்லைக்குள் நுளம்பு திட்டமிடப்படவில்லை. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த பகுதிகளிலிருந்தும் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. தற்காலிகக் குடிசைகளில் மருந்து விசிறுதற்குத் தக்க சுவர்கள் இருக்கவில்லை. 1986, 1987ஆம் ஆண்டுகளில் 'சி' முறைமைப் பிரதேசத்தில் மலேரியா பெருகியது. 1987இல் நாடளாவிய நோயாளர் தொகை ஆறு இலட்சத்தைத் தாண்டிற்று. ஒரு முறைமையின் வெற்றி மற்றொரு முறைமையின் தோல்வியாக வெளிப்படுவதை இதனிலும் தெளிவாகக் காட்டும் உதாரணம் அரிது.

இதற்கு நேர்மாறாக, 1990களில் ஹபரணைக்கும் ஹுருலுவெவக்கும் இடைப்பட்ட யான் ஓயாவில் நிகழ்ந்த ஆய்வுகளைக் குறிப்பிடுதல் வேண்டும். அந்த ஓடை நீர்ப்பாசன நீரைக் கொண்டுசெல்லும் வழியாகவும் பயன்படுகிறது. நீர் திறந்துவிடப்படாத இடைவேளைகளிற் படுகையில் எஞ்சும் குட்டைகளே நுளம்பின் பிறப்பிடம் என்பதையும், நீரைத் திறந்துவிடும் கால ஒழுங்கை மாற்றியமைப்பதன் மூலம் நுளம்புப் பெருக்கத்தைக் குறைக்கலாம் என்பதையும் ஆய்வாளர்கள் கண்டனர். மருத்துவமனையிலும் மருந்து விசிறியிலும் தேடப்பட்ட பரிகாரம் மதகில் இருந்தது! முறைமைச் சிந்தனை தன் சிறந்த நிலையில் தரக்கூடியது இதுதான். ஆயினும் மதகின் திறவுகோல் சுகாதார வைத்திய அதிகாரியிடம் இல்லை. நீர் எப்பொழுது, எவர் வயலுக்கு, எவ்வளவு என்பது நீர்ப்பாசன அதிகாரிகளுக்கும் விவசாயிகளுக்கும் இடையிலான, மேல்மடை நிலத்தவருக்கும் கடைமடை நிலத்தவருக்கும் இடையிலான போட்டியினால் தீர்மானிக்கப்படுவது. நெம்புப் புள்ளி எங்கே உள்ளதெனக் காட்டுவது வேறு, நெம்புகோல் எவர் கையில் உள்ளதெனக் கேட்பது வேறு. அளவுகளை மாற்றுவதினும் முறைமையின் குறிக்கோளை மாற்றுதலே வலிமைமிக்க தலையீடு என டொனெல்லா மெடோஸ் வலியுறுத்தினார். குறிக்கோளை மாற்றுதல் அதிகாரப் போராட்டமின்றி நிகழ்வதில்லை என்பதை நாம் அதனோடு சேர்த்துரைக்க வேண்டும்.

6

எல்லை பற்றிய வினா இலங்கையிலே மலையகத்தைப் போல வேறெங்கும் கூர்மை பெறவில்லை. பிரதேச சுகாதாரப் பிரிவுகள் நாடெங்கும் விரிந்தபோது, அவற்றின் எல்லை பெருந்தோட்டத்தின் வாயிலோடு நின்றது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டத் தொழிலாளரின் நோயைத் தோட்டத்துரையின் பொறுப்பாக்கியது. நோயாளியின் படுக்கையும் உழைப்பாளியின் லயமும் ஒரே உடைமையாளரின் கணக்கேட்டில் அடங்கின. குடும்பநல உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் அண்டைக் கிராமத்து வீடுகளுக்குச் சென்ற காலத்தில், தோட்டத்து வீடுகள் அவர்களின் வழமையான வட்டத்துக்கு வெளியே கிடந்தன. தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாக்கப்பட்ட பின்னரும் இப்பிரிவினை உடனே மறையவில்லை. தோட்ட வைத்தியசாலைகளை அரசு கட்டங்கட்டமாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1990களிலேதான்.

இந்தத் தாமதத்தை நிருவாகக் குறைபாடு என்று மட்டும் விளக்கிவிட முடியாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், அதைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. கேகாலைக் கிராமத்தவனுக்கு 1936இற் கிடைத்த முறையீட்டு வழி, தோட்டத் தொழிலாளிக்கு 1940களின் இறுதியில் அடைக்கப்பட்டது. தாயினதும் சிசுவினதும் மரணத்தில் நாடு ஈட்டிய புகழ்மிக்க முன்னேற்றம் தோட்டத்தை நெடுங்காலம் பிந்தியே எட்டியது. பின்னூட்டல் தடைப்பட்ட முறைமை தளம்பும் என்பது முறைமைக் கோட்பாட்டின் விதி. அது எல்லோருக்கும் ஒரேயளவில் தளம்புவதில்லை என்பது வர்க்க, இன ஒடுக்குமுறை பற்றிய வரலாறு கற்பிக்கும் விதி.

முறைமைச் சிந்தனையாளருள்ளேயே இதனை உணர்ந்தோர் உளர். எல்லை வரைதல் ஒரு மதிப்பீட்டுச் செயல், அதனாற் பாதிக்கப்படுவோர் அதனைக் கேள்விக்குள்ளாக்க உரிமையுடையோர் என 1983இல் வேர்ணர் உல்றிச் வாதிட்டார். உயிரியலாளரும் மார்க்சியருமான றிச்சட் லெவின்ஸ், 1998இல் இயங்கியலையும் முறைமைக் கோட்பாட்டையும் ஒப்பிட்டபோது, முழுமைக்குள் நுழைந்த பின்னர் உறுப்புக்கள் பழைய உறுப்புக்களாக இருப்பதில்லை என்பதை இயங்கியலின் சிறப்பாகச் சுட்டினார். தோட்டம் என்பது முறைமையின் ஓர் உறுப்பு என்று படம் வரைந்தால் போதாது. அந்த உறுப்பை அவ்வாறு உருவாக்கிய உற்பத்தி உறவுகளும் படத்தில் இடம்பெறவேண்டும்.

7

இன்றைய பிரதேச சுகாதார நிருவாகத்தில் இவ்வினாக்கள் டெங்கு வடிவில் எதிர்ப்படுகின்றன. 2017இல் நாட்டில் 186,101 பேர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர்; நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் மாண்டதும், அதன்பின் தலைநகரப் பகுதிகளிற் குப்பை அகற்றல் நெருக்கடிக்குள்ளானதும் நினைவுகூரத்தக்கன. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம், வளவில் நீர் தேங்க விடுபவரைத் தண்டனைக்குரியவராக்குகிறது. சட்டம் தேவையற்றதென நாம் கூறவில்லை. ஆனால் குழாய்நீர் ஒழுங்காகக் கிடைக்காத குடும்பம் வாளியிலும் பீப்பாவிலும் நீரைச் சேமித்தே தீரும். குப்பை எடுக்கப்படாத ஒழுங்கையில் சிரட்டையும் பிளாஸ்ரிக் கிண்ணமும் சேர்ந்தே தீரும். குப்பை உள்ளூராட்சி மன்றத்தினது, குடிநீர் மற்றொரு சபையினது, நோயாளர் பட்டியல் சுகாதார வைத்திய அதிகாரியினது. குற்றப்பத்திரிகை மட்டும் குடியிருப்பவருக்கு. முறைமை முழுவதன் குறைபாடும் அதன் மிக நலிந்த கண்ணியின் ஒழுக்கக் குறைபாடாக மாற்றப்படும் இந்த உத்தியை முறைமைச் சிந்தனை அம்பலப்படுத்த வேண்டும். மாறாக அதற்குப் புதுப்பெயர் சூட்டுமாயின், அச்சிந்தனையால் மக்களுக்கு விளையும் பயன் எதுவுமில்லை.

நமது வரலாற்றில் நம்பிக்கை தரும் பக்கமும் உண்டு. மலேரியா எதிர்ப்பு இயக்கம் 1989இல் மாகாண மட்டத்துக்குப் பரவலாக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டிலும் நோயாளர் இரண்டு இலட்சத்துக்கு மேலிருந்தனர். பிரதேச மலேரியா உத்தியோகத்தரும் களப் பணியாளரும், போர் நிலவிய வடக்கு கிழக்கு உட்பட, வீடுவீடாகவும் குடியிருப்புக் குடியிருப்பாகவும் மேற்கொண்ட பணியின் பயனாக, 2012 ஒக்டோபரின் பின்னர் உள்நாட்டிற் தொற்றிய மலேரியா பதிவாகவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுப்படுத்தியது. அதே ஆண்டின் இறுதியிலே, நகரக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகவல்ல அனோபிலிஸ் ஸ்ரிபென்சி என்னும் நுளம்பு மன்னாரிற் கண்டறியப்பட்டது. 1963இன் 17 என்ற எண்ணை மறந்தவருக்கு இது செய்தி மட்டுமே. நினைவில் வைத்திருப்போருக்கு எச்சரிக்கை.

நோய் ஒழிந்த பின்னர் முதலில் வெட்டப்படுவது களப் பணியாளரின் வேதனமும் பயணப்படியுமே. பொருளாதார நெருக்கடிக் காலங்களில் இது மேலும் எளிதாக நிகழ்கிறது. ஆதலால் பிரதேச சுகாதாரத் திட்டம் ஒவ்வொன்றின் முன்னும் மூன்று வினாக்களை வைக்க வேண்டுமென நாம் கருதுகிறோம். எல்லைக்கு வெளியே விடப்பட்டவர் யார்? அவரது முறையீடு எவருடைய இருக்கையை அசைக்கும்? மதகின் திறவுகோல் யார் கையில்? இவற்றுக்கு விடைதேடும் முறைமைச் சிந்தனை, தன் பெயரில் தொலைந்துபோன நீதியை மீட்டுக்கொள்ளும். அதற்கான தொடக்கம் நிபுணர் மாநாடுகளில் அமைவதினும், மன்னாரின் கிணற்றடியிலும் மலையகத்தின் லயங்களிலும் சுகாதாரப் பணியாளரும் மக்களும் ஒன்றுகூடிப் பேசும் இடத்திலேயே அமைதல் தகும்.